வியாழக்கிழமைத் தாளைக் காணோம்

போன வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் முதல் பாடவேளை. எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் சோடியம் அணுவை வரைந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 11 புரோட்டான், 12 நியூட்ரான், வெளியே மூன்று வட்டங்களில் 2, 8, 1 என்று எலக்ட்ரான் புள்ளிகள். பிள்ளைகளும் நோட்டில் காம்பஸ் வைத்து அழகாக வரைந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பெண் மட்டும் வரையாமல் கையைத் தூக்கினாள். "பதினொண்ணுன்னு யாரு டீச்சர் எண்ணுனது?" என்று கேட்டாள். "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிருக்காங்கம்மா, நீ முதல்ல படத்தைப் போடு" என்றேன். அவள் சரி என்று குனிந்து வரைய ஆரம்பித்துவிட்டாள். காலாண்டுத் தேர்வில் அந்தப் படத்துக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கினாள்.

அந்த ஐந்து மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளைத் திருத்த மனம் வரவில்லை. அவள் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி! கண்ணுக்கே தெரியாத ஒன்று, அதற்குள்ளே இன்னும் சின்னதாகச் சில, அதில் சரியாகப் பதினொன்று என்று சொல்கிறோம். ஒரு சென்டிமீட்டர் கோட்டில் பத்துக்கோடி ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக நிறுத்தலாம் என்றும் நாம்தான் சொல்கிறோம். அப்புறம் அதற்குள் போய் எண்ணியது யார் என்று ஒரு பிள்ளை கேட்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். என்னை உறுத்தியது இன்னொன்றும் உண்டு. நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள், பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள், அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்தப் பதினொன்றைத்தான் அணு எண் என்கிறோம், அது பெயர் மாதிரி, ஒவ்வொரு தனிமத்துக்கும் யாரோ வைத்துவிட்ட ஒன்று என்கிற நினைப்பிலேயே இத்தனை வருஷமும் இருந்திருக்கிறேன். அன்று இரவே தேடிப் படித்து மறுநாள் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் படிக்கப் படிக்க, அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன, நான் அவற்றையெல்லாம் தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன் என்று புரிந்தது.

புத்தகத்தின் வரிசை, நடந்த வரிசை

நாம் எப்படி நடத்துகிறோம்? முதலில் அணு. அதற்குள் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். அப்புறம் அணு எண், நிறை எண், இணைதிறன். இதெல்லாம் முடிந்தபின் ஒன்பதாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணை முழுதாக வரும், எலக்ட்ரான் அமைப்பு தெரிந்தால் அட்டவணை தானாகப் புரியும் என்ற நம்பிக்கையில். கட்டிடம் கட்டுகிற மாதிரி கீழிருந்து மேலே போகும் இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் நடந்தது தலைகீழ். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அந்த அட்டவணையை வெளியிட்டது 1869-ல். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897-ல். அணுவுக்கு நடுவே உட்கரு இருக்கிறது என்று ரூதர்போர்டு சொன்னது 1911-ல். நியூட்ரான் 1932-ல்தான் வந்தது. அதாவது அட்டவணையைப் போட்டவருக்கு அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றுமே தெரியாது. அணு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்றுகூட அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. 1909-ல் வேதியியல் நோபல் பரிசு வாங்கிய ஆஸ்ட்வால்டே அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை அணுவை நம்பாதவர்.

அப்படியென்றால் அவர்கள் எதை வைத்து அடுக்கினார்கள்? பொருள்களை வைத்துத்தான். எது மின்னுகிறது, எது தண்ணீரில் எரிகிறது, எது எதோடு எத்தனைக்கு எத்தனை சேர்கிறது, எதன் எடை எவ்வளவு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இவைதான் கைக்கு எட்டுகிறவை. எங்கள் பள்ளி சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்குக் கந்தகம் தெரியும், அலுமினியப் பவுடர் தெரியும். மத்தாப்பில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்று வீட்டில் பேசக் கேட்டே வளர்ந்தவர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று சொன்னபிறகு, அந்தத் தனிமத்தின் பெயர் இங்கே வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சில் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தெரிந்த பிள்ளைகளிடம் போய், யாரும் பார்க்காத மூன்று துகள்களில் இருந்து தொடங்கினால் அவர்கள் கையில் இருப்பதையெல்லாம் கீழே போட்டுவிட்டு நான் சொல்வதை மனப்பாடம் செய்வதைத் தவிர என்ன செய்வார்கள்? புதிரைப் போடாமலே விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 

பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அணு எண் தெரியாம அட்டவணையை எப்படிப்பா நடத்துவ? அதோட பாடத்தை முடிக்கணுமே" என்றார். இரண்டாவது கவலை எனக்கும் உண்டு, அதற்கு இன்றுவரை முழுப் பதில் கிடையாது. முதலாவதற்கு மெண்டலீவ்தான் பதில்.

எண்பது அட்டைகள்

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். சுவரில் மாட்டியிருந்த பெரிய தனிம அட்டவணைப் படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். பழைய தினசரி காலண்டர் தாள்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களைப் பிள்ளைகளே கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு தனிமம் என்று எழுதினேன். பெயர், பார்க்க எப்படி இருக்கும், காற்றிலும் தண்ணீரிலும் என்ன செய்யும், ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் எடை எத்தனை மடங்கு, கடைசியாக எத்தனை கை. கை என்று நான் எழுதியது இணைதிறனை. ஹைட்ரஜனுக்கு ஒரு கை. தண்ணீரில் ஓர் ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறது, ஆகவே ஆக்சிஜனுக்கு இரண்டு கை. அவ்வளவுதான். எலக்ட்ரான் என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை, அணு எண்ணும் இல்லை.

ஹைட்ரஜனில் தொடங்கிக் கால்சியம் வரை உள்ள இருபது தனிமங்களில் ஹீலியம், நியான், ஆர்கான் மூன்றையும் எடுத்துவிட்டேன். மெண்டலீவ் அட்டவணையை வெளியிட்டபோது அவை பட்டியலிலேயே கிடையாது. மிச்சம் பதினேழு. அதிலிருந்து இன்னும் ஒன்றையும் எடுத்து ஒளித்து வைத்தேன். பதினாறு தாள் வீதம் ஐந்து குழுவுக்கு எண்பது தாள். எழுதி முடிக்க இரண்டு இரவு ஆனது.

முதலில் எடைப்படி ஒரே வரிசையாகத் தரையில் அடுக்கச் சொன்னேன். ஹைட்ரஜன் 1, லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, ஃப்ளூரின் 19, அப்புறம் சோடியம் 23. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. அடுத்து, இந்த நீள வரிசையை வெட்டி, ஒரே குணமுள்ளவை ஒன்றன்கீழ் ஒன்று வருமாறு அடுக்குங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் காட்டி, "ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமைன்னா அடுத்த ஞாயிறு எப்ப?" என்று கேட்டேன். "எட்டு, பதினஞ்சு, இருபத்திரண்டு" என்று ஒரே குரலில் பதில் வந்தது. ஒரு பையன் தன் குழுவின் தாள்களில் கை எண்ணிக்கையை மட்டும் விரலை வைத்து வாசித்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு." லித்தியத்திலிருந்து ஃப்ளூரின் வரை. அதற்கடுத்த சோடியத்தில் மறுபடி ஒண்ணு. லித்தியமும் தண்ணீரில் வேலை காட்டும் மென்மையான உலோகம், சோடியமும் அப்படியே. ஏழு நாள் கழித்து அதே கிழமை! எல்லாக் குழுவிலும் தாள்கள் சரசரவென்று நகர ஆரம்பித்தன. லித்தியத்தின் தலைக்கு மேல் ஞாயிறு, பெரிலியத்துக்குத் திங்கள், கார்பனுக்குப் புதன் என்று சாக்பீஸால் கிழமைகளைத் தரையில் எழுதினார்கள். ஹைட்ரஜனை என்ன செய்வது என்று ஒரு குழு கேட்டது, அதற்கு அடுத்த குழுவிலிருந்தே பதில் வந்தது. மாதத்தின் முதல் தேதி எந்தக் கிழமையிலும் வரலாமே, அதைத் தனியாக மேலே வையுங்கள் என்று. இதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.

இரண்டாவது வரிசையை அந்தப் பையன் அதே ராகத்தில் வாசித்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ரெண்டு, ஒண்ணு." இடறியது. இன்னொரு தடவை வாசித்தான், அப்போதும் இடறியது. நான்கு குழுக்கள் அதைப் பெரிதுபடுத்தாமல் சிலிக்கானுக்கு அடுத்து இருந்த கந்தகத்தை நைட்ரஜனுக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டன, கட்டம் காலியாக இருந்தால் தப்பு என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம். ஐந்தாவது குழுவில் அந்தப் பெண் இருந்தாள், போன ஆகஸ்ட்டில் கேள்வி கேட்டவள். அவள் கந்தகத்தை நகர்த்த விடாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், வியாழக்கிழமைத் தாளைக் காணோம்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவளே சொன்னாள். "புதனுக்கு அப்புறம் வெள்ளி வந்துருச்சு. நடுவுல ஒரு தாள் விட்டுப்போயிருக்கு." அவளுடைய அம்மாவுக்குக் காலண்டர் கம்பெனியில் தாள் சரிபார்க்கிற வேலை. கட்டை விரலால் கட்டைத் தள்ளிக்கொண்டே வரும்போது தேதியைக்கூடப் பார்க்க மாட்டார்களாம், கிழமை தாவினால் கண்ணில் பட்டுவிடுமாம். அம்மாவிடம் கேட்டதைத்தான் இங்கே பயன்படுத்தியிருக்கிறாள். கந்தகத்துக்கு ஆக்சிஜன் மாதிரி இரண்டு கை, அது வெள்ளிக்கிழமைக்காரன், அதைக் கொண்டுபோய் வியாழனில் வைத்தால் அதற்கப்புறம் வரும் எல்லாக் கிழமையும் கெட்டுவிடும் என்பது அவள் வாதம். அப்புறம் அவள் கேட்டதை நான் எழுதி வைத்திருக்கிறேன்: "நீங்க எங்களுக்குக் கொடுக்கலையா டீச்சர், இல்ல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதா?"

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மெண்டலீவ் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்தவை 63 தனிமங்கள். அடுக்கிக்கொண்டே வரும்போது கிழமை தாவிய இடங்களில், இல்லாதது என்று சொல்லாமல், இன்னும் நம் கைக்கு வரவில்லை என்று இடம் விட்டார். வகுப்பில் அதை அப்போது சொல்லவில்லை. "இருக்குன்னு வச்சுக்குவோம். எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றேன். மூன்று கை என்று எல்லாரும் சொன்னார்கள், மேலே நைட்ரஜனுக்கு மூன்று. எடை? சிலிக்கான் 28, கந்தகம் 32, ஆகவே 30 என்றான் ஒருவன். மேலிருந்து கீழே வந்தாலும் கார்பன் 12, சிலிக்கான் 28, பதினாறு கூடுகிறது, ஆக்சிஜன் 16, கந்தகம் 32, அதுவும் பதினாறு, அப்போ 14 கூட 16 முப்பதுதான் என்றாள் இன்னொருத்தி. இதை நான் சொல்லித் தரவில்லை. சரி என்று என் பைக்குள் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து அவர்கள் விட்ட இடத்தில் வைத்தேன். குச்சியை உரசும் பக்கத்தில் இருக்கும் பழுப்பு நிறப் பட்டை, அதில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். கை மூன்று, எடை 31. பாதிப் பிள்ளைகளின் பாட்டி தாத்தாக்கள் ஒட்டிய பெட்டி. வகுப்பு போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பார்க்காமலே சொன்னவர்

அதற்கப்புறம் மெண்டலீவின் கதையைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. அலுமினியத்துக்குக் கீழே ஒரு தாள் காணவில்லை என்று அவர் சொன்னார், அதற்கு ஏக-அலுமினியம் என்று தற்காலிகமாகப் பெயர் வைத்தார். ஏகாதசியில் வருகிற அதே சமஸ்கிருத ஏகம், ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு கட்டம் கீழே என்று அர்த்தம். 1875-ல் பிரான்சில் லெக்கோக் தெ புவாபோதிரான் ஒரு புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்து காலியம் என்று பெயரிட்டார், அதன் அடர்த்தி 4.7 என்று அளந்து சொன்னார். ரஷ்யாவிலிருந்து மெண்டலீவ் எழுதினார், இது நான் சொன்ன ஏக-அலுமினியம், அதன் அடர்த்தி 5.9 இருக்க வேண்டும், உங்கள் மாதிரியை இன்னும் சுத்தம் செய்து அளந்து பாருங்கள் என்று. சுத்தம் செய்து அளந்தார்கள், 5.9 வந்தது. பொருளைக் கையில் வைத்திருந்தவர் சொன்னது தப்பு, கண்ணால்கூடப் பார்க்காதவர் சொன்னது சரி! அந்தக் காலியம் கிட்டத்தட்ட 30 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எங்கள் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தாலே தண்ணீராக ஓடும் என்றதும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

அடுத்து கால்சியத்துக்குக் கீழே இரண்டு தாள்களை வைத்தேன், ஸ்ட்ரான்ஷியம், பேரியம். மத்தாப்பின் சிவப்பும் பச்சையும் ஒரே கிழமை. கால்சியம் 40, பேரியம் 137, கூட்டி இரண்டால் வகுக்கச் சொன்னேன். 88.5 வந்தது. ஸ்ட்ரான்ஷியத்தின் தாளைத் திருப்பினால் 87.6. மெண்டலீவுக்கு முன்பே ஜெர்மனியில் டோபரைனர் என்பவர் கண்டுகொண்ட கணக்கு இது. ஏழு நாள் காலண்டர் கால்சியத்தோடு நின்றுவிடும், அதற்கப்புறம் நடுவில் பத்து நாள் நுழைந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 

வாரத்துக்கு எட்டாவது நாள் வந்த கதைதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. உப்புப் போட்ட குழம்பு பொங்கிக் கேஸ் அடுப்பில் வழிந்தால் நீல நெருப்பு சட்டென்று மஞ்சளாகும், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அது சோடியத்தின் மஞ்சள். 1868 ஆகஸ்ட் 18-ல் ஒரு முழுச் சூரிய கிரகணம் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்குப் பிரான்சிலிருந்து ஜான்சன் என்ற வானியலாளர் வந்து சூரியனின் விளிம்பொளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அந்த ஒளியில் இருந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதே இடத்தில் இல்லை. இங்கிலாந்தில் லாக்கியர் என்ற வானியலாளர் அதைத் தெரியாத ஒரு தனிமத்தின் கோடு என்றார், சூரியனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் ஆனது. பூமியில் அது 1895-ல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் ஆர்கான், 1898-ல் நியான். இவற்றுக்குக் கையே கிடையாது, யாரோடும் சேராது. சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வைக்க ஒரு புது வரிசை வேண்டியிருந்தது. மெண்டலீவே முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆர்கான் என்பது மூன்று நைட்ரஜன் சேர்ந்ததாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு தாளும் கிழமை மாறாமல் எட்டாவது நாள் உள்ளே நுழைந்து உட்கார்ந்தது.

பதினொன்று

எண்ணியவரிடம் கடைசியாகத்தான் வந்தேன். இரண்டாவது பாடவேளை முடிய கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "ஆகஸ்ட்ல நீ ஒண்ணு கேட்ட, நான் பதில் சொல்லல" என்று ஆரம்பித்தேன். அவளுக்கு நினைவிருந்தது.

ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர், 1913-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். ஒவ்வொரு தனிமத்தின்மேலும் எலக்ட்ரான்களை வேகமாக மோதவிட்டால் அது தனக்கென்று ஓர் எக்ஸ் கதிரை வெளியிடும். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிற அதே வகைக் கதிர். அதன் அதிர்வெண்ணை அளந்து, வர்க்கமூலம் எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரே அளவு உயர்ந்தது. படிக்கட்டை வரைந்து காட்டினேன், எல்லாப் படியும் ஒரே உயரம். எடை அப்படி ஏறாது, அது நாலு கூடும், ஒன்று கூடும், சில இடத்தில் குறையவும் செய்யும். கோபால்ட்டைவிட நிக்கலுக்கு எடை கொஞ்சம் குறைவு, ஆனால் குணத்தின்படி கோபால்ட்தான் முன்னால் வர வேண்டும். மோஸ்லியின் படிக்கட்டில் கோபால்ட் 27, நிக்கல் 28. இத்தனையாவது படி என்பதுதான் அணு எண், உட்கருவில் இருக்கும் மின்னூட்டத்தின் கணக்கு அது. பிற்பாடு அதற்குக் காரணமான துகளுக்குப் புரோட்டான் என்று பெயர் வந்தது. யாரும் அணுவுக்குள் போய் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை, படிகளை வெளியிலிருந்து எண்ணினார்கள், சோடியம் பதினொன்றாவது படி. இரண்டே வருஷத்தில், 1915 ஆகஸ்ட்டில், முதல் உலகப் போரில் துருக்கியின் கல்லிப்போலியில் அவர் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு 27 வயது. இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் கம்மியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கேட்டாள். "படி எண்ணிக்கிட்டே போகும்போது நடுவுல ஒரு படி இல்லாம இருந்துச்சா டீச்சர்?" இருந்தது. 43, 61, 75 மூன்று படிகளுக்கும் ஆள் இல்லை என்று மோஸ்லி காட்டினார். 75 கிடைத்தது 1925-ல், 61 கிடைத்தது 1945-ல். 43-ஐ 1937-ல் செயற்கையாகத்தான் உண்டாக்க முடிந்தது, டெக்னீசியம். "அது எந்தக் கிழமை?" என்றாள். நடுவில் நுழைகிற பத்து நாளில் ஒன்று, மாங்கனீசுக்குக் கீழே, மெண்டலீவ் அங்கேயும் ஒரு தாளுக்கு இடம் விட்டிருந்தார் என்றேன்.

மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அலமாரியில் சுருட்டி வைத்திருந்த பெரிய படத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன். அவள் முன்னால் வந்து, எக்கி நின்று, மாங்கனீசைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தாள். அப்புறம் விரலை ஒரு கட்டம் கீழே இறக்கினாள்.